சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ.யா, 16,700 கி.மீ.யா? அம்மா தனியாகப் போகிறார்

ஈசூன்_மலர்
எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி நியூஜெர்சியில் ஜெர்சி சிட்டியில் இருக்கிறான். அவன் மனைவிக்கு டிசம்பர் முதல் வாரம் பிரசவம். அம்மா நவம்பர் கடைசியில் இங்கிருந்து கிளம்ப வேண்டும். வயது 69. சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலியும் உண்டு. எனக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் தனியாகத்தான் போகிறார்.

எங்கும் இறங்காமல் போகும் விமானம் இருப்பது தெரியும். எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கணக்கு. ஓரிடத்தில் 15,349 கி.மீ. என்கிறார்கள், இன்னோரிடத்தில் 16,700 கி.மீ. ஒரு தளம் 17 மணி நேரம் என்கிறது. டிக்கெட்டில் பதினெட்டரை இருக்கிறது, திரும்பி வர 18 மணி 50 நிமிடம். எதை நம்புவது? அம்மா கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை மணி நேரம் உட்காரணும், சொல்லு." சரியான பதில் சொல்லி அவரைத் தயார்படுத்த ஆசைப்படுகிறேன்.

கிளமெண்டி_கண்ணன்
அக்கா, 15,349 என்பது நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம். 16,700 என்பது 2018-ல் நுவார்க் (நியூயார்க்கை ஒட்டி நியூஜெர்சியில் இருக்கும் விமான நிலையம்) சேவையை மறுபடி தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன பறக்கும் தூரம். இரண்டும் சரிதான், அளக்கிற பொருள் வேறு. விவரமாகச் சொல்ல இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், வருவார்கள்.

மதுரை_பூகோள_வாத்தியார்
மலர் அம்மா, அந்த 15,349 எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இந்தக் கணக்கை நடத்தியவன் நான். இதைவிட அழகான உதாரணம் எனக்கு அமைந்ததில்லை.

சிங்கப்பூர் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104. நியூயார்க் மேற்கு 74. கூட்டினால் 178. இது 180 ஆக இருந்தால், உருண்டையின் ஒரு பக்கத்து ரேகைக்கு நேர் எதிர்ப்பக்கத்து ரேகை என்று பொருள். ஆக இரண்டு ஊருக்கும் இடையே குறுக்குவழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேராக வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, அந்தப் பக்கம் தெற்கே இறங்குவதுதான்.

சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 டிகிரி. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 டிகிரி. மொத்தம் 138. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது சுமார் 111.2 கி.மீ. பெருக்கினால் 15,346 வருகிறது. மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி துருவங்களில் கொஞ்சம் சப்பையாக இருப்பது போன்ற சின்ன விஷயங்களைச் சேர்த்தால் அதுவும் சரியாகிவிடும்.

இந்தக் கோடு எந்த ஊர்களை ஒட்டிப் போகிறது என்று பாருங்கள். தாய்லாந்து, லாவோஸ், சீனாவில் செங்டு பக்கம், மங்கோலியா, சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கு மேற்கே, அப்புறம் ஆசியக் கண்டத்தின் வடகோடியான செல்யுஸ்கின் முனைப் பக்கம், அதற்கு மேல் பனிக்கடல். துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் கடந்து கனடாவுக்குள் இறங்கும். சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தில் இந்த வழி தெரியவே தெரியாது. வீட்டில் குழந்தைகளின் உலக உருண்டை இருந்தால் சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை வைத்து நியூயார்க் வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறி உட்காரும். அம்மாவுக்கும் காட்டுங்கள்.

ஈசூன்_மலர்
ஐயா, நூல் வைத்துப் பார்த்தேன். அப்படியே துருவத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அம்மா பயந்துவிட்டார், "பனிக்கு மேலேயா போகும்?" என்கிறார். சரி, குறுக்குவழி அதுதான் என்றால் விமானம் ஏன் 16,700 கி.மீ. சுற்றிப் போக வேண்டும்?

சாங்கி_ஸ்பேனர்
நான் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். விமானத்துக்கு வழி போடுகிறவர் கிலோமீட்டரைக் குறைக்கப் பார்ப்பதில்லை, நேரத்தையும் எரிபொருளையும் குறைக்கப் பார்க்கிறார். விமானம் தரையில் ஓடவில்லை, காற்றில் ஓடுகிறது. அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது.

9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவது உண்டு. இந்த வழியில் ஓடும் A350 விமானம் தன் வேகத்தில் மணிக்கு 900 கி.மீ. போகும். ஆற்றின் போக்கோடு சேர்ந்தால் அதன் மேல் நூறோ இருநூறோ இனாமாகக் கிடைக்கும். அதனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும்போது பெரும்பாலும் வடகிழக்காகத் திரும்பி, பசிபிக் கடலைக் கடந்து, அலாஸ்கா, கனடா வழியாக இறங்குவார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதல்தான், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேரும்.

திரும்பி வரும்போது அதே வழியில் வந்தால் காற்று முகத்தில் அடிக்கும். எனவே அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவோ, வடக்கே ஏறியோ வேறு வழி பிடிப்பார்கள். எந்த வழி என்பது அன்றைய காற்று, எந்த நாட்டு வான்வெளி திறந்திருக்கிறது, இடி மேகம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவாகும். செவ்வாய்க்கிழமை போன வழியில் புதன்கிழமை போகாது. அதனால்தான் உங்களுக்கு ஒவ்வொரு தளத்தில் ஒவ்வொரு எண் வந்தது.

நேரத்துக்கும் அதே கதைதான். 17 மணி நேரம் என்று போடும் தளங்கள் 15,349-ஐ 900-ஆல் வகுத்துப் போடுகின்றன. டிக்கெட்டில் இருப்பது வாயிலை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே வாயிலில் நிற்கும் வரை. ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, இறங்க வரிசையில் சுற்றுவது, கொஞ்சம் கைச்சேமிப்பு நேரம் எல்லாம் அதில் சேரும். அம்மாவிடம் பதினெட்டரை என்றே சொல்லுங்கள். இருக்கையில் உட்கார்ந்திருக்கப் போகும் நேரம் அதுதான். காற்று நன்றாக இருந்தால் சீக்கிரம் இறங்குவார், அது லாபம்.

ஜூரோங்_ப்ரியன்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால்தானே கிழக்கே போகவும் மேற்கே வரவும் நேரம் மாறுகிறது? எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள்.

மதுரை_பூகோள_வாத்தியார்
தம்பி, நிறையப் பேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது, கேட்டது நல்லது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. விமானம் போவது 900. சுழற்சி நேராகக் கணக்கில் வரும் என்றால் கிழக்கே கிளம்பிய விமானத்தை அது போக வேண்டிய ஊர் முந்திக்கொண்டு ஓடிவிடும், எட்டவே எட்டாது. அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் பூமியோடு காற்றும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடுகிற வைகை எக்ஸ்பிரஸில் டீ விற்பவர் முன் பெட்டிக்கும் பின் பெட்டிக்கும் ஒரே வேகத்தில்தான் நடக்கிறார், இல்லையா?

வெப்ப மண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசமும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அந்த ஜெட் காற்றை உண்டாக்குகின்றன. சுழற்சியின் பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது.

எடிசன்_தாத்தா
மலர், நான் நியூஜெர்சியில் எடிசன் ஊரில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். இரண்டு யோசனை.

முதலில், தம்பி ஜெர்சி சிட்டி என்றால் கென்னடிக்கு எடுக்காதீர்கள், நுவார்க்குக்கு எடுங்கள். சிங்கப்பூரிலிருந்து இரண்டுக்கும் விமானம் உண்டு. வானத்தில் ஐந்து கிலோமீட்டர்தான் வித்தியாசம், தரையில் அது வேறு கதை. கென்னடியிலிருந்து ஜெர்சி சிட்டி வர நியூயார்க் நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும்.

இரண்டாவது, 69 வயதில் பதினெட்டரை மணி நேரம் ஒரே மூச்சில் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிராங்க்பர்ட் வழியாகவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் வருகிறது. பிராங்க்பர்ட் வரை பத்தாயிரத்துச் சொச்சம் கி.மீ., அங்கிருந்து ஆறாயிரத்து இருநூறு. நடுவில் இறங்கி நடந்தால் காலுக்கு ஓய்வு. எகானமி டிக்கெட்டும் கிடைக்கும். நேரடி விமானத்தில் பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும்தான், சாதாரண எகானமி இல்லை.

கிளமெண்டி_கண்ணன்
தாத்தா, உங்கள் மேல் மரியாதை வைத்தே மறுக்கிறேன். தனியாகப் போகிறவருக்கு நடுவில் இறங்குவது ஓய்வு அல்ல, அதுதான் பயணத்திலேயே கஷ்டமான பகுதி. போன வருஷம் என் பெரியம்மாவை ஒரு ஐரோப்பிய ஊர் வழியாக அனுப்பினோம். முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது. மொழி தெரியாத இடத்தில் ஒன்பது மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. அந்த ஒன்பது மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு வாயிலில் ஏறி மறு வாயிலில் இறங்குவதன் அருமை அப்போதுதான் புரிந்தது.

எடிசன்_தாத்தா
நீங்கள் சொல்வது நியாயம். நான் மனைவியோடு சேர்ந்தே பயணம் செய்கிறவன், அதனால் இது தோன்றவில்லை. தனியாக என்றால் நேரடிதான்.

கொழும்பு_நிலா
நீண்ட பறப்பு என்ற கதை வந்ததால் எங்கள் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1943 முதல் 1945 வரை, யுத்த காலத்தில், அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து இலங்கையின் தென்கரையில் இருக்கிற கொக்கல ஏரிக்கு குவாண்டாஸ் நிறுவனம் கேட்டலினா கடல் விமானங்களை ஓட்டியது. தூரம் சுமார் 5,650 கி.மீ. மட்டுமே. ஆனால் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை எங்கும் இறங்காமல் பறக்க வேண்டும். ஜப்பானியப் படைகளின் கண்ணில் படாதிருக்க வானொலித் தொடர்பும் இல்லை. எரிபொருள் பாரத்தால் பயணிகள் மூன்று பேர்தான். வழியில் இரண்டு முறை சூரிய உதயம் காண்பார்கள், அதனால் இரட்டைச் சூரியோதயப் பறப்பு என்றே பெயர். தூரத்தில் சிங்கப்பூர் – நியூயார்க் பெரிது. நேரத்தில் கொக்கலக்காரர்களை இன்றைக்கும் வெல்ல முடியவில்லை.

கொக்கலயைத் தாண்டி மாத்தறைக்கு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். இதை வாசித்த பிறகுதான் அந்த ஏரியை நின்று பார்த்தேன்.

சாங்கி_ஸ்பேனர்
நிலா, இதை நான் கேள்விப்பட்டதே இல்லை, மிக்க நன்றி. எரிபொருள் பாரத்தால் மூன்று பேர் என்றீர்களே, இன்றைக்கும் கதை அதுதான். நுவார்க் போகும் A350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வகை) விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையில் சுமார் 130 டன். அந்த விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எரிபொருள்! எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே எரிபொருள் செலவாகிறது. அதனால் ஆட்களைக் குறைக்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாதாரண நெடுந்தூர A350-ல் 253 இருக்கை, இதில் 161. இந்த வகை அவர்களிடம் ஏழே ஏழு இருக்கின்றன.

முதன்முதலில் இந்தச் சேவையை 2004-ல் A340-500 வைத்து ஆரம்பித்தார்கள். நான்கு இன்ஜின். கடைசி வருஷங்களில் நூறு பிசினஸ் இருக்கை மட்டும் வைத்துக்கூடப் பார்த்தார்கள். எரிபொருள் செலவு தாங்காமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் திரும்ப வந்தபோது இரண்டே இன்ஜின். இத்தனை நீளப் பறப்பை ஓட்டிக் கட்டுப்படியாக்கியது அந்த மாற்றம்தான்.

அம்மாவின் பனிப் பயத்துக்கு: துருவப் பக்கம் போக நேர்ந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஜெட் ஏ-1 எரிபொருள் உறைவது மைனஸ் 47 டிகிரியில். இறக்கைக்குள் அதன் வெப்பநிலையை விமானிகள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குளிர்ந்தால் கொஞ்சம் கீழே இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். நான்கு விமானிகள் இருப்பார்கள், இருவர் ஓட்டும்போது இருவர் படுத்து ஓய்வெடுப்பார்கள். களைத்த கையில் விமானம் இருக்காது என்று சொல்லுங்கள்.

தீவு_நர்ஸ்
அக்கா, தூரக் கணக்கை விட உங்கள் அம்மாவின் உடம்புக் கணக்குத்தான் எனக்குக் கவலை. நான் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள்.

நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. ஓர இருக்கையாக வாங்குங்கள், ஜன்னல் வேண்டாம். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்கட்டும். உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்கலாம். இறுக்கமான காலுறை அவருக்கு ஏற்றதா என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பாத்ரூம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் அம்மாக்களின் வழக்கம். அதற்கு மட்டும் இடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

சர்க்கரை மருந்து: அங்கே நேரம் 13 மணி நேரம் பின்னால். எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இறங்கும் வரை அம்மா கடிகாரத்தை சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருந்தால் குழப்பம் குறையும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அது கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துச் சீட்டும் கையில். தாழ்சர்க்கரை வந்தால் உடனே வாயில் போட இரண்டு மிட்டாய், சட்டைப் பையிலோ முந்தானை முடிச்சிலோ. வீல்சேரும் சைவச் சாப்பாடும் டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

திருச்சி_தேவி
இந்த இழையைப் படித்ததும் எனக்கும் ஒரு கேள்வி. என் மாமியார் திருச்சியிலிருந்து நியூயார்க் போக வேண்டும். சென்னை வரை அலையாமல் திருச்சி – சிங்கப்பூர் – நியூயார்க் என்று ஒரே மாற்றத்தில் போகலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

மதுரை_பூகோள_வாத்தியார்
போகலாம் அம்மா, ஆனால் எதிர்த்திசையில் கிளம்பி எவ்வளவு சுற்றுகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள். திருச்சி – நியூயார்க் நேர்க்கோடு சுமார் 13,600 கி.மீ. சிங்கப்பூர் போனால் 3,000, அங்கிருந்து 15,350, மொத்தம் 18,350. சென்னையிலிருந்து தோஹா வழி என்றால் 3,300-ம் 10,800-ம் சேர்ந்து 14,100தான். நாலாயிரத்துக்கு மேல் கூடுதல் என்பது வானத்தில் நாலரை மணி நேரம்.

கிளமெண்டி_கண்ணன்
தேவி அக்கா, எந்த வழியானாலும் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது காத்திருக்காது, பணமும் போகும், பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம்.

ஈசூன்_மலர்
நுவார்க் நேரடிக்கே பதிவு செய்துவிட்டேன். ஆனால் தம்பி குழம்புகிறான். செவ்வாய் இரவு 11.55-க்குக் கிளம்பி புதன் காலை ஐந்தரைக்கு இறங்கும் என்று இருக்கிறது. "ஐந்தரை மணி நேரத்தில் எப்படி வருவார்?" என்கிறான்.

சாங்கி_ஸ்பேனர்
பதினெட்டரையிலிருந்து நேர வித்தியாசமான பதின்மூன்றைக் கழியுங்கள், ஐந்தரை. கடிகாரம் காட்டுவது அதைத்தான். திரும்பும்போது பதின்மூன்றைக் கூட்ட வேண்டும். சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கிளம்பினால் ஞாயிறு மாலை ஆறேகாலுக்கு மேல் சிங்கப்பூர். மார்ச்சில் அமெரிக்கா கடிகாரத்தை மாற்றிய பிறகு திரும்புகிறார் என்றால் பதின்மூன்று பன்னிரண்டாகிவிடும், மறக்காதீர்கள்.

ஈசூன்_மலர்
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். இரவெல்லாம் போனில் விமானத்தின் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது போலவே துருவப் பக்கம் போகவில்லை. பிலிப்பீன்ஸுக்கு வடக்கே ஏறி, ஜப்பானுக்குக் கிழக்கே கடலின் மேல் வளைந்து, அலாஸ்கா வழியாக இறங்கியது. தரையை விட்டு எழுந்ததிலிருந்து சக்கரம் தொடும் வரை 17 மணி 25 நிமிடம். வாயிலுக்கு வர இன்னும் இருபது நிமிடம். பதினெட்டரை என்று சொல்லி வைத்திருந்ததால் அம்மாவுக்குச் சீக்கிரம் முடிந்த மாதிரியே இருந்திருக்கிறது.

நர்ஸ் சகோதரி, ஆறு முறை எழுந்து நடந்ததாக எண்ணிச் சொன்னார். மிட்டாய் முந்தானையிலேயே இருந்தது, தேவைப்படவில்லை. குழந்தை நான்கு நாள் முன்னதாகவே பிறந்துவிட்டது, பெண். அம்மா கையில்தான் முதலில் கொடுத்தார்களாம்.

இன்னொன்று. ஓர இருக்கை என்றாலும் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாராம். அம்மாவின் கடிகாரத்தில் ஐந்தரைக்கு விடிந்தது, பதினொன்றுக்கு முன்பே இருட்டிவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று பணிப்பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவர், "இல்லை பாட்டி, இன்றைக்கு உங்களுக்குப் பகல் ஐந்தரை மணி நேரம்தான்" என்று சொல்லி, இரண்டாவது ராத்திரிக்குப் போர்வை கொண்டுவந்து கொடுத்தாராம்.